நாலு டயரும் புதுசு

மழையில் மலை இறக்கத்தில் வழுக்கிய வண்டி பள்ளத்தில் ஒருக்களித்துச் சாய்ந்து நின்றது. டாக்டரம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டிக்கும் பின்பக்க விளக்கு ஒன்று உடைந்ததோடு சரி. அடிபட்டதெல்லாம் அவருடைய பெயர்தான். டிராக்டர் வைத்து வண்டியை மேலே இழுத்து, சேறும் சகதியுமாக அவர் வீடு வந்து சேர்வதற்குள், 'வயசாயிடுச்சு, இனிமே முடியாது' என்ற தீர்ப்பு அவருக்கு முன்னாலேயே வந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

அவர் மாட்டு டாக்டர். பால் சங்கத்து வேலை. மலைமேல் இருக்கிற கொட்டகைகள் எல்லாம் அவர் கணக்கில்தான் வரும். பாதி ராத்திரி என்றாலும், பட்டப்பகல் என்றாலும் மாடு கன்று போடச் சிரமப்பட்டால் அவருக்குத்தான் போன் வரும். அதற்காகத்தான் கொஞ்சம் உயரமான, சின்ன ஜீப் மாதிரி ஜாடையுள்ள அந்த வண்டியை வாங்கினார்கள். ஜாடைதான் ஜீப். உள்ளுக்குள் அது சாதாரணக் கார். முன்சக்கரம் இரண்டும் இழுக்கும், பின்சக்கரம் இரண்டும் கூடவே வரும். விளம்பரத்தில் பாறைமேல் ஏறி நிற்கும், நிஜத்தில் ஈரச் சாணியைக் கண்டால் யோசிக்கும். இருந்தாலும் டாக்டரம்மா அதை மலைக்குப் பழக்கி வைத்திருந்தார்.

வழுக்கிய அன்றிலிருந்து வண்டிச் சாவி வீட்டுக்காரரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதைப் பிடுங்கவில்லை. மேசைமேல் கிடந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார், திருப்பி வைக்கவில்லை, அவ்வளவுதான். சண்டை போட்டு வாங்குகிற அளவுக்கு அது இன்னும் சண்டையாகவும் ஆகவில்லை. சங்கத்தில் விடுப்பு சொல்லியிருந்தார்கள். அதையும் யார் சொன்னது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

விடுமுறை நாளில் டயர் மாற்றக் கிளம்பினார்கள். வீட்டுக்காரர் ஓட்டினார். அவர் பக்கத்தில் கொழுந்தன். பின்சீட்டில், கடைக்குக் கூட்டிப்போகிற பிள்ளை மாதிரி டாக்டரம்மா. தன் வண்டியின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் சாலை தெரியவில்லை, இரண்டு ஆண்களின் பிடரிதான் தெரிந்தது. அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

கொழுந்தனைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பிள்ளைதான். எந்த விஷயமானாலும் போனில் பத்து வீடியோ பார்த்துவிட்டு வந்து பதினோராவது வீடியோவாகத் தானே பேசுவான். போன மாதம் முதுகுவலி, அதற்கு முந்தின மாதம் தண்ணீர்த்தொட்டி. இந்த வாரம் டயர்.

"அண்ணி, டயர்ல நிறைய வகை இருக்கு. ஆனா நமக்குத் தேவையானது ஒண்ணுதான். சத்தம் வராம, மெத்து மெத்துன்னு போகணும். நான் பாத்து வெச்சுட்டேன்" என்றான்.

"யார் ஓட்டப் போறாங்கன்னும் பாத்து வெச்சுட்டீங்களா, தம்பி?" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் ரேடியோவைப் போட்டார்.

டயர் கடை ரப்பர் நெடியடிக்கிற நீளமான கொட்டாய். சுவரோரம் டயர்கள் கழுத்தளவு அடுக்கி இருந்தன. ஒரு பக்கம் வண்டியைத் தூக்குகிற லிஃப்ட், இன்னொரு பக்கம் காற்றடிக்கிற மெஷின் விட்டு விட்டுப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் மூன்று பேரையும் பார்த்தார், இரண்டு பேருக்கு மட்டும் வணக்கம் சொன்னார்.

"வாங்க சார். வண்டி யார் ஓட்டுறது?"

"இவங்க" என்று வீட்டுக்காரர் பின்னால் கை காட்டினார்.

"ஓ, மேடம் ஓட்டுற வண்டியா? அப்ப இது போதும் சார்" என்று கடைக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். வழவழவென்று, நடுவில் நேர்க்கோடுகள் ஓடுகிற டயர். "வெண்ணெய் மாதிரி ஓடும். டவுனுக்குள்ள ஓட்டுறதுக்கு இதுக்கு மேல எதுக்கு?"

"அதேதான் நானும் சொன்னேன். இது போதும்" என்றான் கொழுந்தன்.

"போதும்னுதான் எனக்கும் படுது" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா அந்த மூன்று 'போதும்'களையும் கேட்டுக்கொண்டு நின்றார். சாப்பிட உட்கார்ந்தால்கூட, போதும் என்று இலையை மறைப்பவர் சாப்பிடுகிறவராகத்தானே இருக்க வேண்டும்? இங்கே பரிமாறுகிறவர்களே தங்களுக்குள் போதும் சொல்லிக்கொண்டு கரண்டியை உள்ளே எடுத்துப் போகிறார்கள். பசித்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாலும் மாத்தணும்னுகூட இல்ல சார்" என்று கடைக்காரர் தொடர்ந்தார். "முன்னாடி ரெண்டு போதும். இழுக்குறது முன்சக்கரம்தானே. பின்னாடி இருக்கறது இன்னும் கொஞ்ச நாள் வரும்."

"போன தடவையும் அப்படித்தான் பண்ணினேன்" என்றார் வீட்டுக்காரர், தன் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷத்தில்.

டாக்டரம்மாவின் தலை திரும்பியது.

"என்ன பண்ணினீங்க?"

"முன்னாடி ரெண்டும் மாத்தினேன்ல. பின்னாடி இருக்கறது சும்மா உருளுறதுதானே, அது கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

வண்டி விஷயம் வீட்டுக்காரர் பொறுப்பு, மாட்டு விஷயம் டாக்டரம்மா பொறுப்பு என்று அந்த வீட்டில் எப்போதோ பிரித்துக்கொண்டார்கள். சர்வீஸ் முடிந்து வண்டி கழுவித் துடைத்து வாசலில் நிற்கும். டாக்டரம்மா பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். டயரைக் குனிந்து பார்த்தவரில்லை. தினம் நான்கு கால் பிராணிகளின் குளம்பைத் தூக்கிப் பார்க்கிற பெண், தன் வண்டியின் காலைப் பார்த்ததில்லை. அதை நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இப்போது பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, அழுக்கு" என்றார் வீட்டுக்காரர். கன்று வெளியே வரும்போது தலையிலிருந்து கால்வரை நனைகிற பெண்ணிடம் அழுக்கு என்கிறார்! டாக்டரம்மா விரலை டயர்மேல் ஓட்டினார். தரையைக் கவ்வுவதற்குப் புடைத்துக்கொண்டிருக்கிற பட்டன் என்று ஒன்று இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மொட்டை. முன்சக்கரத்துக்குப் போய்த் தடவினார். அங்கே பட்டன் பாதிக்கு மேல் இருந்தது, விரல்நுனி உள்ளே போனது.

அந்த நாள் அவருக்கு அப்படியே திரும்பி வந்தது. இறக்கம், வளைவு, சாலைமேல் ஓடுகிற மழைத்தண்ணீர். பிரேக்கை லேசாகத்தான் மிதித்தார். முன்பக்கம் அவர் சொன்னதைக் கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. யாரோ வாலைப் பிடித்துச் சுழற்றியது மாதிரி வண்டியின் பின்பாதி முன்பாதியைத் தாண்டிக்கொண்டு போனது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பதில் இல்லை. அன்றிலிருந்து, கை நடுங்கியதா, கண் ஏமாற்றியதா, ஒரு விநாடி அசந்துவிட்டேனா என்று தன்னைத்தானே குடைந்துகொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது ஒருவேளை நிஜமோ என்ற பயத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தார்.

எழுந்து கையைத் துடைத்தார். துடைத்த கை ஆடவில்லை.

"ஈரத் தரையில மாடு எப்படி விழும் தெரியுமாங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். "முன்னங்கால் ஊனி நிக்கும். பின்னங்கால் ரெண்டும் விரிஞ்சு, அப்படியே உக்காந்துடும். நான் பாக்காத மாடா? முன்னாடி ரெண்டு காலுக்கு லாடம் அடிச்சு, பின்னாடி ரெண்டு காலுக்கு எண்ணெய் தடவி என்னை மலைக்கு அனுப்பி இருக்கீங்க. வழுக்குச்சா, வயசாயிடுச்சுன்னும் சொல்லிட்டீங்க."

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "இழுக்குறது முன்னாடிதானேன்னு..."

"இழுக்குறது முன்னாடி. பிடிச்சு நிறுத்துறது நாலும்."

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "மேடம் சொல்றதும் சரிதான். ரெண்டு மட்டும் மாத்தினா புதுசைப் பின்னாடி போடறதுதான் முறை. கஸ்டமர் கேக்கறதை நாங்க போட்டுக் குடுத்துடறோம்." கொஞ்சம் முன்னால் இதே வாய்தான் முன்னாடி ரெண்டு போதும் என்றது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் வீட்டுக்காரர். நிஜமாகவே உடைந்துபோயிருந்தார். "அன்னைக்குப் போன் வந்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமா இருந்திருந்தா... எனக்குப் பயமா இருக்கு."

"பயமா இருந்தா நல்ல டயர் வாங்கிக் குடுங்க. என்னைப் பூட்டி வைக்காதீங்க."

இந்த இடத்தில் கொழுந்தன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு நல்லது. அவன் சமாதானம் செய்து வைக்கிற நினைப்பில் போட்டு உடைத்தான்.

"விடுங்க அண்ணி. நடந்தது நடந்துபோச்சு. இனிமே மலையே இல்லையே. சங்கத் தலைவர்கிட்ட நான் பேசிட்டேன். அடுத்த வாரத்துல இருந்து உங்களுக்கு டவுன் கிளினிக். நாய், பூனை, ஃபேன் காத்து. அதுக்குத்தான் சொல்றேன், இந்த டயர் போதும்."

டாக்டரம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் டயரைப் பார்த்தார். இந்த ஏற்பாடு அவருக்கும் தெரியும்.

"மலைக்கு யாரு?" என்றார் டாக்டரம்மா.

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க."

"அவங்கன்னா யாரு?"

கொழுந்தன் போனை எடுத்து, அதற்கும் வீடியோ தேடுகிற மாதிரி தடவினான். அவங்க பாத்துக்குவாங்க என்றால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். டாக்டரம்மாவுக்கு அந்த மலையில் ஒவ்வொரு கொட்டகையும் தெரியும். எந்த மாடு உதைக்கும், எந்த வீட்டில் வெந்நீர் தயாராக இருக்கும், எங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை என்பதெல்லாம் தெரியும். அத்தனையையும் இரண்டு ஆண்கள் ஒரு போன் பேசிக் கைமாற்றிவிட்டார்கள். அவருக்கு அழுகை வந்தது. இந்தக் கொட்டாயில், இந்த மூன்று பேர் முன்னால் அழுவதா என்று அதை விழுங்கினார். விழுங்கியது கோபமாக மேலே வந்தது.

"கேட்டுக்கங்க ரெண்டு பேரும். எனக்கு எது போதும்னு நான் சொல்றவரைக்கும் யாரும் சொல்லாதீங்க. இப்ப நான் சொல்றேன். நீங்க பேசினது போதும். எனக்காக முடிவு பண்ணினது போதும்." கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க எனக்கு டயர் காட்டுங்க. எனக்கு."

கடைக்காரர் ஓடினார். கொழுந்தனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூலையில் கிடந்த ஒரு ராட்சத டயரைக் காலால் தட்டினான். ஒவ்வொரு பட்டனும் செங்கல் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. "அப்ப இதை மாட்டிக்கங்க அண்ணி. சேத்துலயே ஓட்டலாம்."

"அது சேத்துக்கு நல்லது. ஈரத் தார் ரோட்டுல அது பிடிக்காது. பாக்கத்தான் பயில்வான்" என்றார் டாக்டரம்மா. கோபத்தில் இருந்தார், அதற்காகப் பெரிசாக இருப்பதையெல்லாம் கட்டிக்கொள்கிற ஆளில்லை. ஒவ்வொரு டயராக உருட்டச் சொல்லிப் பார்த்தார். பட்டன் நெருக்கமாக இருந்தால் சேறு அடைத்துக்கொள்ளும் என்று ஒன்றைத் தள்ளினார். கடைசியில் ஒன்றைப் பிடித்து நிறுத்தினார். பட்டன் பருமனாக, இடைவெளிவிட்டு இருந்தது. ஒவ்வொரு பட்டனின் மேலும் மெல்லிய கீறல்கள் குறுக்கே ஓடின. விரலால் அழுத்தினால் கீறல் விரிந்து மூடியது.

"இந்தக் கீறல்தான் ஈரத்தைக் கவ்வுறது, இல்லையா?"

"ஆமா மேடம். கல்லு, மண்ணு, மழை எல்லாத்துக்கும் இது தாங்கும். கொஞ்சம் சத்தம் வரும். பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும்."

"சத்தம் வரட்டும். நான் வர்றேன்னு மாட்டுக்குத் தெரியட்டும்."

டயரின் ஓரத்தில் அச்சடித்திருந்த நாலு இலக்க எண்ணைத் தேடிப் படித்தார். எந்த ஆண்டு, அதில் எந்த வாரம் செய்தது என்பது அதில் இருக்கும். மாட்டை விற்கிறவன் சொல்கிற வயதை நம்பாமல் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற பழக்கம். கிடங்கில் கிடந்து விறைத்துப்போனதை ஒதுக்கிவிட்டு, புதிதாக வந்த நான்கைப் பொறுக்கினார். நாலும் புதுசு. ஸ்டெப்னியைக் காட்டி ஏதோ சொல்ல வந்த கொழுந்தன் அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கடைசிச் சக்கரத்துக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவின் போன் அடித்தது. மேட்டுக் கொட்டகைக்காரி. மலையில் எல்லோருக்கும் மேலே இருக்கிற கொட்டகை அவளுடையது.

"டாக்டரம்மா, நீங்க வரமாட்டீங்கன்னு சொல்றாங்க. நிஜமா? மாடு காலைல இருந்து முக்குது. ரெண்டு காலு தெரியுது, தலையைக் காணோம். நான் யாரைக் கூப்பிடுவேன்?"

"என்னைக் கூப்பிட்டுட்டல்ல. வெந்நீர் வை. யாரும் இழுக்காதீங்க. வர்றேன்."

சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மருந்துப் பை டிக்கியில் இருந்தது. டாக்டரம்மா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது.

"எங்கம்மா போற?" என்றார் வீட்டுக்காரர்.

"வேலைக்கு. வர்றதுன்னா ஏறுங்க. இல்லைன்னா நடந்து வீட்டுக்குப் போங்க. பில்லை முடிச்சுட்டு வாங்க, சீக்கிரம்."

இரண்டு பேரும் ஏறினார்கள். மழையில் நடக்க வேண்டுமே என்றா, தனியாக விட மனசில்லாமலா என்று கேட்டால் அவர்களாலேயே சொல்ல முடியாது. வீட்டுக்காரர் முன்சீட்டில். கொழுந்தன் பின்சீட்டில் இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மலை ஏறும்போது மழை வலுத்தது. வழுக்கிய வளைவு வந்தது. சாலையோரத்தில் டிராக்டர் இழுத்த தடம் இன்னும் அழியவில்லை. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "மெதுவா, மெதுவா" என்றார்.

டாக்டரம்மா மெதுவாகத்தான் போனார். அவர் எப்போதும் அங்கே மெதுவாகத்தான் போவார், வழுக்கிய அன்றும் அப்படித்தான் போனார். புது டயர் கரகரவென்று தண்ணீரைக் கிழித்தது. வண்டியின் முன்பாதி வளைந்தது, பின்பாதி சொன்ன பேச்சைக் கேட்டுப் பின்னாலேயே வளைந்து வந்தது. வளைவு தாண்டியதும் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"கண்ணைத் திறந்தே இருங்க. நான் எப்படி ஓட்டுறேன்னு இன்னைக்காவது பாருங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அந்த மலைக்கு வந்ததே இல்லை.

கொட்டகையில் மாடு பக்கவாட்டில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கையைக் கழுவி, தோள்வரை உள்ளே விட்டார். கன்றின் தலை பின்பக்கமாக மடங்கி விலாவோடு ஒட்டிக் கிடந்தது. கால் இரண்டிலும் கயிற்றைச் சுருக்குப் போட்டு ஒரு நுனியை வீட்டுக்காரரிடமும் இன்னொரு நுனியை மேட்டுக் கொட்டகைக்காரியிடமும் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கன்றின் தாடையைத் தேடினார். அப்போது கொழுந்தனின் போன் அடித்தது.

"அண்ணி, சங்கத் தலைவர்" என்றான், பேயறைந்த மாதிரி. "உங்க பேர்ல டவுன் ஆர்டர் போட்டுடலாமான்னு கேக்கறார்."

"ஸ்பீக்கர்ல போடுங்க."

"என்னம்மா," என்று தலைவரின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது, "தம்பி எல்லாம் சொன்னார். உங்களுக்கும் வயசாச்சு, மலையெல்லாம் எதுக்கு..."

"சார், என் கை இப்ப மாட்டுக்குள்ள இருக்கு. மாடு என் வயசைக் கேக்கல. நீங்களும் என்னைக் கேக்கல, தம்பியைத்தான் கேட்டீங்க. தம்பியை டவுனுக்குப் போட்டுக்கங்க, நாய்க்கு ஊசி போடத் தெரியுமான்னு மட்டும் விசாரிச்சுக்கங்க." அதற்குள் அவர் விரல் கன்றின் தாடையைப் பிடித்துவிட்டது. தோளைச் சாய்த்து, பல்லைக் கடித்து, அந்தத் தலையை மெல்ல மெல்ல முன்னால் திருப்பினார். "தலை வந்துடுச்சு. மாடு முக்கும்போது இழுங்க, கீழ்ப்பக்கமா. விடும்போது விட்டுடுங்க. தம்பி, போனைப் போட்டுட்டு அண்ணனோட கயிறைப் பிடிங்க!"

கொழுந்தன் போனை வைக்கோல்மேல் எறிந்துவிட்டு ஓடிவந்து பிடித்தான். மாடு முக்கியது. இழுங்க என்றார், இழுத்தார்கள். விடுங்க என்றார், விட்டார்கள். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லி ஆண்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டது அதுதான் முதல். மூன்றாவது இழுவையில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து வீட்டுக்காரரின் காலடியில் விழுந்தது. டாக்டரம்மா மூக்கைத் துடைத்து, விலாவை வைக்கோலால் அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது ஒரு தும்மல் போட்டது. வீட்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார், மறைக்கவும் இல்லை.

வைக்கோலுக்குள்ளிருந்து தலைவரின் குரல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "ஹலோ? டாக்டரம்மா? என்ன ஆச்சு அங்க? நான் என்னன்னு ஆர்டர் போடறது?"

டாக்டரம்மா ஆணா பெண்ணா என்று கன்றின் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார்.

"கிடேரி, சார்! நல்லா இருக்கு! அடுத்த வாரம் பாக்கறதுக்கு நான்தான் வருவேன். அப்படின்னே போடுங்க!"